பள்ளியிலே அச்சம், பணியிலே பாரம்!

தோழனே!

இந்த ஞாயிறு உன்னிடம் தேர்தலைப் பற்றிப் பேசப் போவதில்லை. மாற்றார் மேடையிலே வீசிய சொல்லம்புகளுக்கு மறுப்புரை வழங்கவும் போவதில்லை. மேட்டூர் திறந்ததா, கல்லணைக்கு நீர் வந்ததா, கடைமடைக்கு எட்டியதா என்று ஆண்டுதோறும் நாம் கேட்கும் கேள்வியைக்கூட ஒருநாள் ஒத்தி வைக்கிறேன். அந்தக் கடைமடையிலே பிறந்து, தஞ்சைக்கோ திருச்சிக்கோ படிக்க வந்து, மருத்துவமனை வார்டிலே இரவைப் பகலாக்கி நிற்கிறாளே ஒரு பெண், அவளைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

செவிலி என்று அவளுக்குப் பெயர் வைத்தது தமிழ். பழைய இலக்கியத்திலே செவிலி என்றால் வளர்ப்புத் தாய். நற்றாய் பெற்றாள், செவிலித் தாய் வளர்த்தாள். வார்டிலே நாம் அவளை "சிஸ்டர், சிஸ்டர்" என்று அழைக்கிறோம்; அதற்கு உடன்பிறந்தவள் என்று பொருள். தாய் என்றோம், தமக்கை என்றோம். பெயர் வைப்பதிலே நாம் என்றுமே வள்ளல்கள்தாம்!

இப்போது ஒரு வீட்டை உன் மனக்கண் முன் நிறுத்திக்கொள். திருவையாற்றுப் பக்கம் என்று வைத்துக்கொள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் என்றாலும் குற்றமில்லை. தந்தை குத்தகை விவசாயி. தாய் நடவுக்கும் களைக்கும் போகிறவள். பெண்கள் இருவர். மூத்தவள் அரசு மருத்துவமனையிலே ஒப்பந்தச் செவிலி. இளையவள் செவிலியர் பயிற்சிப் பள்ளியிலே இரண்டாம் ஆண்டு மாணவி. இருவருக்கும் ஒருசேர விடுப்புக் கிடைத்த அதிசயப் பொங்கல் அது. திண்ணையிலே வாதம் மூள்கிறது.

"அக்கா, உனக்கென்ன! படிப்பு முடிந்தது. தேர்வு இல்லை, பதிவேடு இல்லை, பின்னாலேயே நின்று குறை சொல்லும் ஆசிரியை இல்லை. நானல்லவா நாள்தோறும் செத்துப் பிழைக்கிறேன்!"

"அடி போடி! உன்னைத் திட்ட ஒருத்தி இருக்கிறாள் என்றால், நீ தடுமாறும்போது தாங்கிப் பிடிக்கவும் ஒருத்தி இருக்கிறாள் என்று பொருள். இரவு இரண்டு மணிக்கு எனக்கு யாரடி இருக்கிறார்கள்?"

மேடையாக இருந்தால் இந்த இடத்திலே திரையை இறக்கிவிடலாம், கைதட்டலும் கிடைக்கும். நாடகக்காரன் இரு பக்கமும் வசனம் எழுதிவிட்டு ஒதுங்கிக் கொள்ளலாம். அரசியல்காரன் அப்படி ஒதுங்க முடியாது. யார் சொல்வது மெய் என்று பார்த்தாக வேண்டும்.

இளையவள் பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அவள் வழக்கு எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று.

பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழிலே படித்தவள். பள்ளியிலே சேர்ந்த முதல் வாரமே உடற்கூற்றியலும் உடலியங்கியலும் நுண்ணுயிரியலும் ஆங்கில உடை அணிந்து வந்து அவள் எதிரே அணிவகுத்து நிற்கின்றன. எலும்பு எங்கே இருக்கிறது என்று அறிவதற்கு முன்பே, அதன் பெயரை நாக்கு முறியாமல் சொல்லப் பழக வேண்டும். பட்டயப் படிப்பென்றால் 3 ஆண்டு, பட்டப்படிப்பென்றால் 4 ஆண்டு. காலையிலே வார்டு, பிற்பகலிலே வகுப்பு, இரவிலே பதிவேடு. இத்தனை பிரசவம் பார்த்தேன், இத்தனை தாய்மாரைச் சோதித்தேன் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். படுக்கை விரிப்பிலே ஒரு சுருக்கம் தென்பட்டால் அத்தனை பேர் நடுவிலே வசை. சுருக்கத்துக்கா இத்தனை சினம் என்று கேட்டுவிடாதே! அசைய முடியாத நோயாளியின் முதுகுக்குக் கீழே கிடக்கும் அந்தச் சிறு சுருக்கந்தான் நாளடைவிலே படுக்கைப் புண்ணாகிச் சதையைத் தின்னும். ஆசிரியை கண்டிப்பது நியாயம். ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த நியாயம் விளங்குவதற்குள் கண்ணீர் வந்துவிடுகிறது.

முதல் ஊசி, முதல் பிரசவம், முதல் மரணம் மூன்றும் அவளுக்கு ஒரே ஆண்டிலேகூட வந்து வாய்க்கலாம். நமக்கெல்லாம் வாழ்நாளிலே எப்போதோ நேர்வது, அவளுக்குப் பாடத்திட்டம். இறந்தவரின் இமையை மூடி, தாடையைக் கட்டி, உடலைத் துடைத்து, உறவினரிடம் ஒப்படைத்துவிட்டு, கை கழுவி, உணவுக்கூடத்திலே போய்ச் சோற்றில் கை வைக்க வேண்டும். பிற்பகல் வகுப்பிலே, "எழுந்து நில், இதயத்தின் அறைகள் எத்தனை?" என்றால் விடை சொல்ல வேண்டும். காலையிலே ஓர் இதயம் நின்றதைப் பார்த்தவளிடம் அந்தக் கேள்வி!

இந்தத் துன்பத்தை ஆராய்ந்தவர் ஒருவர் உண்டு. இசபெல் மென்சீஸ் என்னும் உளப்பகுப்பாய்வு அறிஞர் 1950களின் இறுதியிலே இலண்டனில் உள்ள ஒரு போதனை மருத்துவமனையை நுணுகிப் பார்த்து, 1960ஐ ஒட்டிய ஆண்டுகளிலே தம் ஆய்வை வெளியிட்டார். அங்கே செவிலியர் ஏறத்தாழ 700 பேர். அவர்களுள் முழுப் பயிற்சி பெற்றவர் ஏறத்தாழ 150 பேர் மட்டுமே. எஞ்சியோர் எல்லோரும் மாணவிகள்! படிக்க வந்தவர்களின் தோளிலேதான் அந்த மருத்துவமனை நின்றது. மாணவிகளுள் மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சி முடியுமுன்பே விலகிச் சென்றனர். பெரும்பாலோர் தாமாகவே விலகினர். கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்தவன் நான். ஆதலால் பாதியிலே விட்டவர்களை ஊக்கமற்றவர் என்று ஒருவன் தூற்றினால் என் காது கூசும். அந்த அம்மையாரும் அப்படித் தூற்றவில்லை. வேலை தரும் அச்சத்தைத் தாங்கிக் கொள்ள மருத்துவமனை ஒரு விந்தையான வழியைக் கண்டுபிடித்திருக்கிறது என்றார்: நோயாளியின் பெயரை அழித்து எண்ணாக்குவது, முகத்தை மறைத்து உறுப்பாக்குவது. பத்தாவது கட்டிலிலே இருப்பவர் கல்லீரல். பதினைந்தாவது கட்டிலிலே இருப்பவர் நிமோனியா. மனிதரைத் தொடாமல் வேலையை மட்டும் தொட்டால் மனம் நோகாது என்பது கணக்கு. தூங்கிக் கொண்டிருப்பவரைத் தட்டியெழுப்பித் தூக்க மாத்திரை கொடுக்கும் வேடிக்கையையும் அவர் குறித்து வைத்தார்.

நம் வார்டுகளிலே, "ஏழாம் நம்பர் பெட், எழுந்து உட்காருங்க" என்று கேட்டிருப்பாயே, அது இலண்டனுக்கும் தஞ்சைக்கும் பொதுவான பாட்டு. அதைப் பாடும் பெண் கல்நெஞ்சக்காரி அல்லள். நெஞ்சு கல்லாகாமல் காத்துக்கொள்ளவே அப்படிப் பாடுகிறாள்.

இனி அக்காளின் பக்கம்.

மாணவியின் மனத்தை அரிப்பது ஒரே சொல்: தெரியாதே! ஊசி எங்கே போடுவது, தெரியாதே. மருந்தின் அளவு எவ்வளவு, தெரியாதே. கேட்டால் திட்டுவார்களோ, தெரியாதே. இந்த அச்சத்துக்கு மருந்து உண்டு. அதன் பெயர் படிப்பு. நாள் செல்லச் செல்ல அச்சம் தேயும், அறிவு வளரும்.

பணியிலே நிற்பவளின் மனத்தை அரிப்பது வேறொரு சொல்: தெரியுமே! எது சரி என்று தெரியுமே. எப்படிச் செய்ய வேண்டும் என்று தெரியுமே. தெரிந்தும் செய்ய முடியவில்லையே! இந்த நோய்க்குப் பாடநூலிலே மருந்து இல்லை. இன்னும் படித்தால் இன்னும் தெரியும். இன்னும் தெரிந்தால் இன்னும் வலிக்கும்.

வெறும் வாய்வீச்சு என்று எண்ணாதே. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பள்ளியிலே கற்றுத் தருகிறார்கள்: ஒரு மருந்து கொடுக்குமுன் ஐந்து செய்திகளைச் சரிபார். சரியான நோயாளியா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான வழியா, சரியான நேரமா? மாணவியின் பொறுப்பிலே ஒரு நோயாளியோ இரு நோயாளிகளோ இருப்பர். ஐந்தும் சரிபார்ப்பாள். பொது வார்டிலே இரவு வேளையில் நாற்பது நோயாளிக்கு ஒரு செவிலி என்பது நம் நாட்டிலே அரிய காட்சியன்று. நாற்பதை ஐந்தால் பெருக்கு: ஒரு சுற்றுக்கு 200 சரிபார்ப்பு. ஆளுக்கு மூன்றே நிமிடம் என்றாலும் 120 நிமிடம். எட்டு மணி மருந்தை எட்டு மணிக்குத் தொடங்கினால் கடைசிக் கட்டிலுக்குப் பத்து மணி.

கை கழுவுவதை இன்னும் சேர்க்கவில்லை! ஒரு நோயாளியைத் தொடுமுன்பும் தொட்ட பின்பும் கையைத் தூய்மை செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறி. சோப்பு நீரென்றால் 40 முதல் 60 வினாடி. சாராயக் கரைசல் என்றால் 20 முதல் 30 வினாடி. நாற்பது பேருக்கு எண்பது முறை. சோப்பு நீரிலே கழுவினால் குறைந்தது 53 நிமிடம்! கை கழுவவே ஒரு மணி நேரம் போனால், மருந்து எப்போது, நாடி எப்போது, காய்ச்சல் பார்ப்பது எப்போது, "என் பிள்ளை பிழைப்பானா அம்மா?" என்று கேட்கும் தாய்க்கு ஒரு சொல் சொல்வது எப்போது? ஆகவே அவள் எதையோ ஒன்றை விடுகிறாள். எதை விட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். அந்தத் தெரிதலோடுதான் விடியற்காலை அறைக்குத் திரும்பிப் படுக்கிறாள். உறக்கம் வருமா?

இது எந்த ஊருக்கும் பொருந்தும் கணக்கு. நம் காவிரிப் படுகைக்கென்று தனிச் சுமையும் உண்டு. மகப்பேற்றுக்கு ராசா மிராசுதார் மருத்துவமனை, மற்ற நோய்களுக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று தஞ்சையை நாடி ஐந்து மாவட்டத்தார் வருவது நெடுநாள் வழக்கம். வயலிலே பாம்பு தீண்டியவர் வருவார். கடன்பட்டு, பயிர் கருகி, அல்லது வீட்டுச் சண்டையிலே மனம் வெதும்பிப் பூச்சிமருந்தைக் குடித்தவர் வருவார். பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் என்னும் மாற்று மருந்தை ஏற்றுகிறார்கள். ஏற்றினால் போதாது, பக்கத்திலேயே இருந்து கண்மணி விரிகிறதா, நாடி எத்தனை, நெஞ்சிலே சளி நீர் குறைகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். குறைந்தால் நுரையீரலிலே நீர் பெருகி மூச்சு முட்டும். மிகுந்தால் நோயாளி பித்தேறிப் பிதற்றி, ஏறும் மருந்துக் குழாயையே பிடுங்கி எறிவார். வார்டின் மறு கோடியிலே பாம்பு தீண்டியவர். அவர் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயிலே எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்தி, உறைகிறதா என்று பார்த்தால்தான் நஞ்சின் வேலை புலப்படும். இருபதாம் நிமிடத்திலே அங்கே நிற்க வேண்டியவள், அதே நிமிடத்திலே இங்கே கண்மணி பார்க்க வேண்டியவளும் ஆவாள். நடுவிலே, சர்க்கரை நோயாளியின் மகன், "பாட்டில் தீர்ந்துவிட்டது சிஸ்டர்!" என்று கூவுவான்.

இத்தனைக்கும் மேலே கணக்கேடு. போர்வை எத்தனை, வெப்பமானி எத்தனை, ஊசிமருந்து எத்தனை என்று பணி மாறும்போதெல்லாம் ஒப்படைக்க வேண்டும். நோயாளியைப் பார்க்கப் பயிற்சி பெற்றவளைச் சாமான் எண்ண வைக்கும் விந்தையை என்னென்பது! நெல் மூட்டை எண்ணுவதற்கு வேளாண் விஞ்ஞானியை நிறுத்துவாயா?

"எங்கும் ஆள் பற்றாக்குறைதானே, என்ன செய்ய?" என்று நீ கேட்கக் கூடும். இந்திய நர்சிங் கவுன்சில் நெறி வகுத்து வைத்திருக்கிறது. போதனை மருத்துவமனையிலே மூன்று படுக்கைக்கு ஒரு செவிலி. மூன்று வேளைப் பணிக்கும் பங்கிட்டால், ஒரு வேளைக்கு ஒன்பது படுக்கைக்கு ஒருவர். ஒன்பதுக்கும் நாற்பதுக்கும் உள்ள தொலைவுதான் தோழனே, பள்ளிக்கும் பணிக்கும் உள்ள தொலைவு. பள்ளி ஒன்பதை நினைத்துக் கற்றுத் தருகிறது. பணி நாற்பதைக் கையிலே கொடுக்கிறது.

அந்தத் தொலைவைச் செவிலியின் கண்ணீரால் மட்டும் அளக்கக் கூடாது. பிணங்களாலும் அளக்க வேண்டும். லிண்டா ஐக்கன் என்னும் செவிலியர் ஆய்வாளர் தம் குழுவோடு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் முடிவை வெளியிட்டார். அறுவை மருத்துவம் பெற்றவர்களைப் பற்றிய ஆய்வு அது. ஒரு செவிலியின் பொறுப்பிலே ஒரேயொரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது. அந்தச் செவிலி மனம் வெந்து சோர்ந்து போகும் வாய்ப்பு 23 விழுக்காடு கூடுகிறது. கலிபோர்னியா மாநிலம் 1999இலேயே இதற்குச் சட்டம் இயற்றி, 2004இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பொது வார்டிலே ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலி என்ற அளவு 2005 முதல் அங்கே நடப்பிலிருக்கிறது. முதலாளித்துவ நாடு என்று நாம் ஏசும் நாட்டிலேயே செவிலிக்கு எத்தனை நோயாளி என்பதைச் சட்டம் சொல்லுகிறது. நம்மிடம் நெறி இருக்கிறது. அது காகிதத்திலே உறங்குகிறது.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளிலே மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்தார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, நான்காவதாக உழைச்செல்வான். உழை என்றால் பக்கம், பக்கத்திலே இருப்பவன். அந்த நான்காவது கூறு இல்லாமல் மருத்துவம் நிறைவுறாது என்று இரண்டாயிரம் ஆண்டுப் பழமை பேசும் நாம், வார்டிலே மட்டும் அதை மறந்துவிடுகிறோம். 2010இல் திருவாரூர், 2017இல் புதுக்கோட்டை, 2022 சனவரியிலே நாகப்பட்டினம், அரியலூர் என்று நம்மைச் சுற்றி மருத்துவக் கல்லூரிகள் எழுந்தன. வரவேற்கிறேன். ஆனால் கட்டிடத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு, நாளேட்டிலே முழுப்பக்கம் உண்டு. இரவுப் பணியிலே இன்னொரு செவிலி கூடுதலாக வந்து நின்றால் அதற்கு யார் கல்வெட்டு வைக்கப் போகிறார்கள்?

நாற்றங்காலிலே வளர்ந்த நாற்றைப் பறித்து வயலிலே நட்டதும் என்ன நடக்கிறது என்று தஞ்சை மண்ணிலே பிறந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில நாள் பயிர் மஞ்சளித்துத் துவளும். பிறகு வேர் பிடித்துப் பச்சை பிடிக்கும். அந்தச் சில நாளிலேதான் உழவன் நீரைக் கண்ணும் கருத்துமாய்க் காக்கிறான். மார்லின் கிராமர் என்னும் அமெரிக்க அறிஞர் 1974இல் எழுதிய நூலிலே, பள்ளியை விட்டு வார்டுக்கு வரும் இளஞ்செவிலியருக்கு நேர்வதும் இதுவேயென்று காட்டினார். மெய்நிலை தரும் அதிர்ச்சி என்று அதற்குப் பெயரிட்டார். முதலிலே மகிழ்ச்சி, அடுத்து அதிர்ச்சி. அதைத் தாண்டியவர்கள் மெல்ல நிலைபெறுகிறார்கள், தாண்டாதவர்கள் தொழிலையே துறக்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? நட்ட அன்றே வாய்க்காலை அடைத்துவிட்டு, "இந்த நாற்று சரியில்லை" என்று நாற்றைத் திட்டுகிறோம். பழகிய செவிலி ஒருத்தியைப் புதியவளுக்குத் துணையாகச் சில மாதம் நிறுத்தினால் போதும், பச்சை பிடித்துவிடும். ஆனால் பழகியவளுக்கே நாற்பது பேர் காத்திருக்கிறார்களே!

அடைத்த வாய்க்காலின் பெயர் தொகுப்பூதியம். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரைத் தேர்ந்தெடுத்தது. போட்டித் தேர்வு எழுதி, தகுதி காட்டி வந்தவர்கள். மாத ஊதியம் 7,700 ரூபாய். இரண்டாண்டு கழித்து நிலைப்படுத்தப்படும் என்பது வாக்கு. இரண்டாண்டு கழிந்தது, வாக்கு எல்லோருக்கும் விடியவில்லை. 2017 நவம்பர் இறுதியிலே சென்னைத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலே ஆயிரக்கணக்கான செவிலியர் திரண்டு அமர்ந்தனர். உயர் நீதிமன்றம் வேலைநிறுத்தத்துக்குத் தடை விதித்தது. கலைந்து சென்று, மறுபடி அதே வார்டு, அதே நாற்பது பேர்.

பின்னர் கொரோனா வந்தது. 2020 மார்ச் 22 அன்று மாலை ஐந்து மணிக்கு நாடே வாசலிலே நின்று கைதட்டியது. மே 3ஆம் நாள் விமானப் படை வானிலிருந்து மருத்துவமனைகள் மீது மலர் தூவியது. அந்த ஆண்டைச் செவிலியர் ஆண்டென உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருந்தது. நைட்டிங்கேல் அம்மையார் பிறந்து 200 ஆண்டு நிறைவல்லவா! அந்த நாளிலே ஆறு மாத ஒப்பந்தத்திலே அழைத்து வரப்பட்டு, கவச உடைக்குள்ளே வெந்து, வீட்டுக்குப் போகாமல் விடுதியிலே கிடந்து, உயிரைப் பணயம் வைத்தவர்களுள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31ஆம் நாளோடு முடிந்தது. புத்தாண்டு அன்று அவர்கள் தெருவிலே நின்றனர். 2015இலும் 2017இலும் ஆண்டது ஒரு கட்சி; 2022இல் ஆண்டது வேறொரு கட்சி. கோட்டையிலே ஆள் மாறினார்கள். தொகுப்பூதியம் என்ற சொல் மாறவில்லை. இதைச் சொல்வதிலே எனக்குத் தயக்கமில்லை. நம் கட்சிக்காரன் சொல்லத் தயங்கினால் வேறு எவன் சொல்வான்?

தனியார் துறையை நான் சொல்லித்தானா நீ அறிய வேண்டும்? தஞ்சை மருத்துவக் கல்லூரிச் சாலையிலே நடந்து போனால் இருபுறமும் மருத்துவமனைகள். இது எந்த ஒன்றையும் சுட்டிச் சொல்வதன்று. நாடெங்கும் உள்ள நோய். சான்றிதழ்களை வாங்கிப் பெட்டியிலே பூட்டிக்கொண்டு, இத்தனை ஆண்டு இருந்தால்தான் திருப்பித் தருவேன் என்னும் கொடுமையை எதிர்த்து, ஊதியம் கேட்டு, 2012இல் சென்னையின் பெரிய தனியார் மருத்துவமனைகளிலே செவிலியர் வேலைநிறுத்தம் செய்தனர். உச்ச நீதிமன்றம் 2016 சனவரியிலே பணித்தபடி அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த சிறு மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் ஊதியம் தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. கேரளச் செவிலியர் 2017இல் தெருவுக்கு வந்து போராடி, 2018இல் அதைத் தங்கள் மாநிலத்திலே அரசாணையாகவே பெற்றனர்.

இளையவளின் துன்பமும் மூத்தவளின் துன்பமும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்பதற்கு இன்னொரு சான்று. 2014இல் ஈராக்கின் திக்ரித் நகரிலே போர் மூண்டபோது 46 இந்தியச் செவிலியர் சிக்கிக்கொண்டனர். பெரும்பாலோர் மலையாளிகள், ஒருவர் நம் தூத்துக்குடிப் பெண். குண்டு விழுகிறது, திரும்பி வா என்கிறார்கள். அவர்களுள் பலர் தயங்கினர். ஏன்? செவிலியர் படிப்புக்கு வாங்கிய கடன் ஊரிலே காத்திருந்தது! சூலையிலே மீண்டு வந்தார்கள், மகிழ்ந்தோம். ஆனால் போர்முனையைவிடக் கடன்காரன் வாசலை அஞ்சும்படி ஒரு படிப்பு இருந்தால், அந்தப் பள்ளியின் நெருக்கடி பள்ளியோடு முடிந்தது என்று எப்படிச் சொல்வது?

இத்தனையையும் ஒரே சொல்லால் மூடிவிடும் வித்தை நமக்குத் தெரியும். அந்தச் சொல் தியாகம். 1961இல் வந்த பாலும் பழமும் படத்திலே சரோசாதேவி செவிலியாக வந்தார். தமிழகமே கண்ணீர் வடித்தது. அது ஊதியத்தைப் பற்றிய கதையன்று. அன்று முதல் நம் மேடையிலும் திரையிலும் செவிலி என்றால் வெள்ளுடை, கனிந்த முகம், அடங்கிய குரல். பசிக்காத பெண், களைக்காத பெண், வாடகை கொடுக்காத பெண்! நைட்டிங்கேல் அம்மையாரையே அப்படித்தான் ஆக்கிவிட்டோம். விளக்கேந்திய மங்கை என்கிறோம். மாணவிகள் விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கிறார்கள். 1854இல் 38 செவிலியரோடு போர்க்கள மருத்துவமனைக்குச் சென்ற அந்த அம்மையார் விளக்கை மட்டும் ஏந்தவில்லை, கணக்கேட்டையும் ஏந்தினார். எத்தனை பேர் காயத்தால் இறந்தனர், எத்தனை பேர் அழுக்கால் நேர்ந்த நோயால் இறந்தனர் என்று எண்ணி, படம் வரைந்து, அமைச்சர்கள் முகத்துக்கெதிரே நீட்டினார். விளக்கை வைத்துக்கொண்டோம். கணக்கேட்டைத் தொலைத்துவிட்டோம்.

ஆகவே என் தீர்ப்பு அக்காளின் பக்கம். பள்ளியின் துன்பத்துக்கு ஒரு பயன் உண்டு, ஒரு முடிவு நாள் உண்டு. பணியின் துன்பத்திலே பெரும்பகுதிக்குப் பயனும் இல்லை, முடிவும் இல்லை. அது நோயாளியிடமிருந்து வருவதன்று, ஆள் எண்ணிக்கையிலிருந்தும் ஊதியப் பட்டியலிலிருந்தும் வருவது. ஆட்சி செய்கிறவர்கள் எழுதும் எண்ணிக்கை, ஆட்சி செய்கிறவர்கள் எழுதும் பட்டியல். நமக்கு வேலை இருக்கிறது என்று பொருள்.

முதல் வேலை நம்மிடமே தொடங்குகிறது. கட்சிக்காரர் ஒருவரின் உறவினர் மருத்துவமனையிலே சேர்க்கப்பட்டால் என்ன நடக்கிறது? வெள்ளை வேட்டியும் கரைத்துண்டுமாய்ப் பத்துப் பேர் வார்டிலே நுழைகிறோம். "நான் யார் தெரியுமா?" என்கிறோம். "வட்டச் செயலாளர் வந்திருக்கிறார், இவரை முதலில் கவனி" என்கிறோம். நாற்பது பேரைப் பார்ப்பவள், நம் ஒருவர் பொருட்டு முப்பத்தொன்பது பேரை விட்டு வருகிறாள். வராவிட்டால் குரல் உயர்கிறது, சில இடத்திலே கையும் உயர்கிறது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் தண்டிக்க 2008இலேயே தமிழகம் சட்டம் செய்து வைத்திருக்கிறது. சட்டம் பாயட்டும், அதற்கு முன்னே நம் துண்டைக் கழற்றி மடித்துக் கையிலே வைத்துக்கொண்டு வார்டுக்குள் போவோம். நோயாளியின் பக்கத்திலே ஒருவர் போதும்.

அடுத்த வேலை எளியது. ஒரு தாளும் எழுதுகோலும் போதும். உன் ஒன்றியத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பகலிலே போகாதே, இரவிலே போ. கூட்டமாய்ப் போகாதே, தனியே போ. வாசலிலே நின்று பணிவாகக் கேள். இன்றிரவு எத்தனை செவிலியர்? நேற்று எத்தனை? நிரந்தரப் பணியிலே எத்தனை பேர், தொகுப்பூதியத்திலே எத்தனை பேர்? புதிதாக வந்த பெண் இருந்தால், அவளுக்குத் துணையாக அனுபவம் மிக்கவர் யாராவது உடனிருக்கிறாரா? வயிற்று வலியோடு ஒரு கர்ப்பிணி வந்துவிட்டால் பேச்சை நிறுத்திவிட்டு வழிவிடு. மறுநாள் போய்க் கேள். பேராவூரணியிலிருந்தும், பாபநாசத்திலிருந்தும், மன்னார்குடியிலிருந்தும், வேதாரணியத்திலிருந்தும் எண்கள் வரட்டும். பெயர் வேண்டாம், சொன்ன பெண்ணுக்கு இடையூறு நேரக் கூடாது. ஊர், நாள், கட்டில் எண்ணிக்கை, செவிலியர் எண்ணிக்கை, நான்கு வரி எழுதி இந்த ஏட்டின் முகவரிக்கு அனுப்பு. அடுத்த மாதம் சட்டமன்றத்திலே நம் உறுப்பினர் எழுந்து நிற்கும்போது அந்தத் தாள்கள் அவர் கையிலே இருக்க வேண்டும்.